பயத்தூரம்

ஏரி நிறையப் பறவைகள் உட்கார்ந்திருக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் ஓரத்தில் பத்துப் பறவைகளை மட்டும் எண்ண வேண்டும். அந்தப் பத்து தொலைநோக்கிக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இடத்தைப் பாய் மாதிரி எடுத்து அடுத்தடுத்து விரித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பாய்க்குக் கையில் இருக்கும் எண்ணும் கருவியை ஒரு அழுத்து. உள்ளங்கைக்குள் அடங்கும் உலோக டப்பி அது. அழுத்தினால் 'டிக்' என்று ஒரு எண் கூடும். ஒரு டிக் என்றால் பத்துப் பறவை. இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும், எண்ணின இடத்துக்குத் திரும்பக் கூடாது. இவ்வளவுதான் எங்கள் தொழில் ரகசியம்.

இந்த முறையில் எண்ணுகிறவன் கண்ணுக்குப் பறவையைவிட வெற்றிடம் சீக்கிரம் படும். விரித்துக்கொண்டே போகும்போது பாய் விழாத இடத்தில் கை தானாக நின்றுவிடும். வசந்தத்தின் முதல் வாரத்தில், ஒரு காலை ஏழு மணிக்கு, என் கை அப்படி நின்றது.

வசந்தத்தில் எங்கள் ஏரி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். தெற்கே குளிர்காலத்தைக் கழித்த வாத்துகள் வடக்கே திரும்பும் வழியில் இங்கே மூன்று வாரம் தங்கும். ஓய்வெடுக்க அல்ல, தின்பதற்கு. பாசியும் பூச்சியும் தின்று உடம்பில் கொழுப்பேற்றிக்கொண்டு தெற்குக் காற்றுக்குக் காத்திருக்கும். முதுகில் காற்று விழுந்தால் பாதி உழைப்பு மிச்சம். அது வீசும் நாளில் மொத்த ஏரியும் எழும்பிப் போய்விடும். அதுவரை தண்ணீர் தெரியாத அளவுக்குக் கூட்டம். இது குடிநீர் ஏரி. பறவை எச்சம் தண்ணீரைக் கெடுக்கும் என்பதால், எத்தனை பறவை, எத்தனை நாள் என்று அலுவலகத்துக்குக் கணக்கு வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த வேலை என்னுடையது.

அந்தக் காலையில் என்னோடு இருந்தவர் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எங்களுக்கு உதவ வந்தவர்.

"டீச்சர், நடுவுல ஒரு ஓட்டை தெரியுதா?"

"தெரியுதே. பல்லு விழுந்த வாய் மாதிரி."

"ஏன்னு தோணுது?"

"கட்டை கிட்டை மிதக்குதோ என்னவோ."

"கட்டை மிதந்தா இதுங்க அது மேலயே ஏறி உக்காருமே டீச்சர்."

அவர் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "தம்பி, சும்மா ஓட்டை இல்ல. உள்ள ஒரு ஒழுங்கு இருக்கு. ஓட்டைக்கு ஓரமா கறுப்புக் கோழிங்க. அதுக்கு வெளிய சின்ன வாத்து. அதுக்கும் வெளியதான் வால் நீண்டது. யாரோ காம்பஸ் வெச்சு மூணு வட்டம் போட்ட மாதிரி இருக்கு, ஒரே மையத்துல."

மூன்று வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு பறவையும் மனிதனை எவ்வளவு நெருங்க விடும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் நெருங்கினால் விலகிவிடும். எங்கள் அலுவலகத்தில் அதைப் 'பயத்தூரம்' என்போம். நாமக்கோழிக்கு முப்பது மீட்டர். கறுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி, எதையும் சட்டை செய்யாத பறவை அது. சின்ன வாத்தான கிளுவைக்கு அறுபது. ஊசிவால் வாத்து பயந்தாங்கொள்ளி. நூற்றிருபதுக்கு உள்ளே விடாது. பருந்து வந்தால் இப்படி வட்டம் விழாது, எல்லாம் ஒன்றாக எழும்பும். நீர்நாய் வந்தால் எல்லாம் அதன் பக்கம் திரும்பி முறைத்துக்கொண்டே பின்தொடரும். முப்பது, அறுபது, நூற்றிருபது என்று வட்டத்துக்குள் வட்டமாகப் பறவைகள் விலகுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: நிதானமாகத் துடுப்புப் போடும் படகில் இருக்கும் மனிதனுக்கு.

ஓட்டையின் நடுவில் வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது," என்றார் டீச்சர். "அங்க யாராவது இருந்தா இப்படித்தானே இருக்கும்?"

"இருந்தா நம்ம கண்ணுக்குத் தெரியாதா?"

"அதான் கேக்கறேன்."

அதற்குள் ஓட்டை நகர ஆரம்பித்திருந்தது. முன்னால் இருந்த பறவைகள் அவசரமில்லாமல் ஒதுங்கின. பின்னால் ஒதுங்கினவை அவசரமில்லாமல் திரும்பி வந்து மூடின. நேர்கோட்டில் போகவில்லை. கொஞ்சம் இடது பக்கம் சாயும், சட்டென்று நேராகும், மறுபடி சாயும். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து எண்ணுவதற்குள் ஒரு சாய்வு, ஒரு திருத்தம்.

வலது தோளில் பழைய அடி இருக்கிறவன் துடுப்புப் போட்டால் படகு அப்படித்தான் போகும். அப்படித் துடுப்புப் போடுகிற ஒருவனை எனக்குத் தெரியும். என் தங்கை புருஷன்.

போன இலையுதிர் காலத்தில், பறவைகள் தெற்கே இறங்கிய நேரத்தில், அவன் காணாமல் போனான். அவனும் நானும் ஒரே வேலை. என் தங்கையைக் கட்டுவதற்கு முன்பே கூட்டாளிகள் என்பதால் 'வா, போ' பேச்சுதான். ஒருவர் கரையிலிருந்து எண்ணுவார், இன்னொருவர் படகில் ஐந்து இடங்களில் நின்று எண்ணுவார். படகு துறைக்குத் திரும்பும்போது, துடுப்புக்காரன் கரையில் கால் வைப்பதற்கு முன்பே தன் எண்ணைக் கத்த வேண்டும். கரையில் இருப்பவன் உடனே தன் எண்ணைக் கத்த வேண்டும். ஒருவர் எண்ணைக் கேட்டுவிட்டு மற்றவர் தன் எண்ணைத் திருத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம் அது. பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போனால் கரையில் இருப்பவன் கயிற்றை வாங்கிக் கட்டுவான். ஒத்துப்போகாவிட்டால் படகு திரும்பிப் போய் மறுபடி எண்ணும். படகைக் கட்டும் வரை கரையில் இருப்பவன் நகரக் கூடாது.

அன்றைக்கு அவன் கத்தினான்: "மூவாயிரத்து நூத்தி நாப்பது!"

நான் கத்தினேன்: "மூவாயிரத்து எழுநூத்தி எம்பது!"

"மச்சான், உன் கண்ணுல பூச்சியா?"

"உனக்கு எண்ண விரல் பத்தலைன்னா சொல்லு மாப்ள, நான் ரெண்டு கடன் தரேன்."

"சரி, நீயே பெரிய ஆளு. நான் போய்ப் பாத்துட்டு வந்து உன் மூஞ்சியில கரி பூசறேன்." சிரித்துக்கொண்டே படகைத் திருப்பினான். மணி ஐந்து.

அவன் போன பிறகு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். தீவுக்கு மேற்கே அறுநூற்று நாற்பது ஊசிவால், 'அதில் ஒன்று வெளிறியது' என்று நாலு பத்துக்கு எழுதியிருந்தேன். தீவுக்குக் கிழக்கே அறுநூற்று நாற்பது ஊசிவால், 'அதில் ஒன்று வெளிறியது' என்று நாலு முப்பத்தைந்துக்கு எழுதியிருந்தேன். உடம்பெல்லாம் வெளுத்த ஊசிவால் ஏரிக்கு ஒன்று வந்தாலே அதிசயம். நான் எண்ணிக்கொண்டிருந்தபோதே கூட்டம் தீவைச் சுற்றி நீந்தி அந்தப் பக்கம் வந்திருக்கிறது. நான் ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறேன். அவன் கணக்குதான் சரி.

படகைத் திரும்பக் கூப்பிடுவதற்கு என்று துறைக் கம்பத்து ஆணியில் விசில் தொங்கியது. எடுத்து ஊதியிருந்தால் திரும்பியிருப்பான். ஊதினால் அவன் முகத்தில் வரப்போகிற சிரிப்பை நினைத்துப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். அரை மணியில் ஏரியில் பலத்த காற்று பிடித்தது.

மறுநாள் விடிந்ததும் நான்தான் முதலில் வந்தேன். படகு துறைக் கம்பத்தில் முட்டிக்கொண்டிருந்தது. வந்துவிட்டான், சரியாகக் கட்டாமல் போயிருக்கிறான் என்று நினைத்து, அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து இறுக்கிக் கட்டினேன். அவிழ்ந்த படகைக் கண்டால் கட்டுவது என் கையின் பழக்கம். ஒரு மணி நேரம் கழித்துத் தங்கை போன் செய்தாள்: "அண்ணா, அவர் ராத்திரி வீட்டுக்கே வரல."

போலீஸ்காரர்கள் வந்தபோது படகு கட்டியிருந்தது. "அப்ப ஏரியிலேர்ந்து கரைக்கு வந்துட்டார்," என்றார்கள். முந்தின சாயங்காலம் வடக்கே போகும் ஆறு மணி பஸ்ஸில் பையோடு ஒருவர் ஏறினார் என்று கண்டக்டர் சொன்னார். முந்தின வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். நான் என்ன சொன்னேன்? "அஞ்சு மணிக்கு என் கணக்கு முடிஞ்சுது, நான் கிளம்பிட்டேன்." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆறு மாதமாக நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டையைப் பார்த்த அன்று சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் வாசற்கதவில் இருந்த பெயர்ப்பலகையைத் திருப்புளியால் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாப்பா பண்ற?"

"ரெண்டு பேர் இருக்கற பலகை எதுக்கு? ஒரு ஆள்தானே இருக்கேன்." கடைசித் திருகு வரவில்லை. "நீயாவது பிடி. ஆம்பளைங்க கதவைத் திறந்துட்டுப் போறதுல கெட்டி, கதவைப் பிடிக்கறதுல இல்ல."

நான் பலகையைப் பிடித்தேன். கூடத்தில் அவன் சட்டைகள் இரண்டு பெட்டிகளில் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தா..." என்றேன்.

"ஆகியிருந்தா அழுதுட்டு எழுந்திருப்பேன் அண்ணா. இது அது இல்ல. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டுப் போனவனுக்கு எப்படி அழறது? கடைக்குப் போனா பின்னாடி சிரிக்கறாங்க. ராத்திரி படுத்தா, நான் சொன்ன எந்தப் பேச்சுக்குப் போனான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கறேன். சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னதுக்கு நான் தட்டை நகர்த்தினேன், அதுக்கா?" திருகு கழன்று விழுந்தது. "வர்ற வெள்ளிக்கிழமை வீட்டைக் காலி பண்றேன். அவரோட தொலைநோக்கி ஆபீஸ் சாமான், அன்னிக்குக் காலைல ஏரிக்கு வந்து கொடுத்துட்டு அப்படியே போயிடறேன். அதுக்கப்புறம் அந்தப் பேரே என் காதுல விழக் கூடாது."

சொல்ல வாய் திறந்தேன். "டீ போடட்டுமா?" என்றாள். "போடு," என்றேன்.

மறுநாளும் அதே ஏழு மணிக்கு ஓட்டை வந்தது. ஐந்து இடங்களில் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் பன்னிரண்டு நிமிடம், எங்கள் விதிப்படி. பிறகு விதியில் இல்லாத ஓர் இடத்துக்கு, தீவின் பின்பக்கம் போய், அங்கே மட்டும் அரை மணிக்கு மேல் நின்றது. கடைசியில் துறையை நோக்கித் திரும்பி, பாதி வழியில் நின்று, கரைந்துபோனது. டீச்சர் கோடு போட்ட தாளில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை துறைக்கு நானூறு மீட்டரில் நின்றது. செவ்வாய் முந்நூறு. புதன் இருநூறு. வியாழன் நூறு.

"கணக்கு சுலபம்," என்றார் டீச்சர். அன்று அவர் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. "நாளைக்கு இங்க வந்துடும். தம்பி, இது யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நினைக்கறேன். எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க. நாளைக்குத் தெற்குக் காத்துன்னு ரேடியோல சொன்னான். பறவை போயிடுச்சுன்னா அப்புறம் எதை வெச்சு அந்த ஓட்டையைப் பாப்பீங்க?"

அவர் சொன்னது சரி. ஓட்டை தெரிவது பறவை இருப்பதால்தான். வெறும் ஏரியில் அது எங்கே நின்றாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு முன்பே நாங்கள் மறைப்புக்குள் உட்கார்ந்துவிட்டோம். மறைப்பு என்பது துறைக்குப் பக்கத்தில் நிற்கும் பலகைச் சுவர். கண் வைக்க நீளமான பிளவுகள் இருக்கும். பின்னால் தட்டியடைத்த நடைபாதை. அதன் வழியாக வந்தால் பறவைக்கு நம்மைத் தெரியாது. வாத்துகளிடம் ஒரு பரபரப்பு இருந்தது. புறப்படுவதற்கு முன் அவை கழுத்தை நீட்டித் தலையை வெட்டி வெட்டி ஆட்டும். ஒன்று ஆரம்பித்தால் பக்கத்தில் உள்ளதும் ஆட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பத் தயாராகிக்கொள்ளும் வழி அது.

ஓட்டை ஐந்து இடங்களையும் முடித்தது. தீவின் பின்னால் போய் நின்றது. பிறகு எங்களை நோக்கி வந்தது. பத்து எண்ணுவதற்குள் ஒரு சாய்வு, ஒரு திருத்தம். நூறு மீட்டரில் நிற்கவில்லை. துறையை ஒட்டி மேய்ந்துகொண்டிருந்த நாமக்கோழிகள் தலை தூக்கி, துறையின் முனையைப் பார்த்தபடி முப்பது மீட்டர் பின்வாங்கி, அரைவட்டமாக நின்றன. துறை முனையில் ஒருவருமில்லை. கட்டியிருந்த படகு மட்டும் ஒரு முறை கம்பத்தில் முட்டியது. பக்கத்தில் இன்னொரு படகு வந்து நின்றால் அப்படித்தான் முட்டும்.

பிறகு எதுவும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. ஆனால் எனக்குப் புரிந்தது. அவன் தன் எண்ணை அன்றைக்கே கத்திவிட்டான். போய்ப் பார்த்துவிட்டும் வந்துவிட்டான். இப்போது என்னுடையதற்குக் காத்திருக்கிறான். எண்கள் ஒத்துப்போகும் வரை கரையில் கால் வைக்க மாட்டான்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கை தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடைபாதையில் வந்தாள். "இந்தா அண்ணா, உங்க ஆபீஸ் சாமான்..." என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

நான் எழுந்து மறைப்பைத் தாண்டித் துறைப் பலகையில் ஏறினேன். மனிதன் இப்படி வெளியே வந்து நின்றால் அத்தனை நாமக்கோழியும் தெறித்து ஓட வேண்டும். ஒன்றுகூட அசையவில்லை.

"மூவாயிரத்து நூத்தி நாப்பது!" என்று கத்தினேன். குரல் உடைந்தது. மறுபடி கத்தினேன். "மூவாயிரத்து நூத்தி நாப்பது மாப்ள! உன் கணக்குதான் சரி! நான் ரெண்டு தடவை எண்ணிட்டேன்!"

நாமக்கோழிகள் ஒவ்வொன்றாகத் தலையைத் தாழ்த்தின. அரைவட்டம் மெதுவாக உள்ளே நகர்ந்தது. என் காலடி வரை வந்து, ஒன்றும் நடக்காததுபோல் பாசியைக் கொத்த ஆரம்பித்தன. ஓட்டை மூடிவிட்டது. அப்போதுதான் என் கழுத்துக்குப் பின்னால் தெற்குக் காற்று பட்டது. ஏரி முழுவதும் ஒரே மூச்சில் எழும்பியது. இறக்கைச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேச்சு கேட்காது. நாலு நிமிடம் அப்படி இருந்தது. பிறகு வடக்கே ஒரு புகைக்கோடு. பிறகு வெறும் தண்ணீர்.

"யார்கிட்ட கத்தின?" என்று கேட்டாள் தங்கை. துறைக்கு வந்திருந்தாள்.

சொன்னேன். இரண்டு முறை எண்ணினதை, விசிலை, வீட்டுக்குப் போனதை.

"படகு கட்டியிருந்துச்சே? எல்லாரும் பாத்தாங்களே?"

"நான்தான் கட்டினேன். விடிகாலையில. தெரியாம கட்டினேன். தெரிஞ்சப்புறம் சொல்லல."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் படகுக் கயிற்றையும் அதில் இருந்த என் முடிச்சையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப அவர் எங்கேயும் போகல," என்றாள், யாரிடமும் இல்லாமல்.

டீச்சர் மறைப்பிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, ஒண்ணு போகல."

தொலைநோக்கியில் பார்த்தேன். தீவின் பின்பக்கம், ஓட்டை அரை மணி நின்ற அதே இடத்தின் ஓரத்தில், ஓர் ஊசிவால் மட்டும் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் வெளுத்தது.

பாசி வெட்டும் விசைப்படகை அலுவலகத்தில் வைத்திருக்கிறார்கள். நான் போன் செய்ததும் அதன் டிரைவரும் இரண்டு போலீஸ்காரர்களும் பதினோரு மணிக்கு அங்கே போனார்கள். டிரைவர் பிறகு சொன்னார்: அந்தப் பறவை படகு வந்து இடிக்கும் வரை நகரவேயில்லையாம், துடுப்பால் தள்ளிவிட வேண்டியிருந்ததாம். ஊசிவால் வாத்துக்குப் பயத்தூரம் நூற்றிருபது மீட்டர் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அதன் கீழே, கயிறுபோல் திரண்ட பாசிக்கொடிக்குள், அவன் இருந்தான்.

கரையில் போர்த்திக் கிடத்தினார்கள். சட்டைப்பையில் இருந்தவற்றை ஒரு போலீஸ்காரர் தங்கையிடம் காட்டினார். சாவி. சீப்பு. எண்ணும் கருவி. துருவேறியிருந்தது, கண்ணாடிக்குள் எண் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 314. ஒரு டிக்குக்குப் பத்து.

அவள் அதை வாங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, துறைப் பலகையில் போய் உட்கார்ந்தாள். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பலகையில் நாலடி தள்ளிப்போனாள். நான் ஓரடி நெருங்கினேன். அவள் ஓரடி விலகினாள்.